தளர்ந்த முனையும் தவறாத காற்றும்

முடிச்சூரிலிருந்து சைக்கிள் மிதித்து, தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்துக் கல்லூரிக்கு வந்தவன் நான். சென்னைக் கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அந்த மோகம்தான் என்னை ரயில் வேலைக்கு இழுத்தது.

புறநகர் மின்சார ரயிலில் மோட்டார் பெட்டியும் உண்டு; இழுபடுகிற டிரெயிலர் பெட்டியும் உண்டு. பிரேக் பிடிக்கச் சொல்வது மின்கம்பி. பிடிப்பது அழுத்தக் காற்று. பெட்டிகளுக்கு நடுவே தொங்கும் ஜம்பர் கேபிளில் ஒரு முனை தளர்ந்தால் போச்சு! ஓடும்போது மின்பிரேக் வரும், போகும். நிறுத்திச் சோதித்தால் எல்லாம் சரியாயிருக்கும்.

நான் பழகிய பணிமனையில் இப்படியொரு ரயில் மூன்று நாள் எங்களை அலைக்கழித்தது. மீட்டரில் குறையே தெரியவில்லை. மூத்த ஃபிட்டர் அண்ணன், "கேபிளை ஆட்டிக்கிட்டே பாருடா" என்றார். ஆட்டினோம், மீட்டர் முள் துள்ளியது. பச்சை பூத்த ஒரே ஒரு பின்!

மின்பிரேக் கைவிட்ட வேளையில் அந்த ரயிலை நிறுத்தியது, வெஸ்டிங்ஹவுஸ் 1872-ல் கண்ட முறை: குழாய் அறுந்தாலும் பெட்டி கழன்றாலும், காற்று இறங்கியதுமே பிரேக் தானே பிடிக்கும்.

தம்பி தங்கைகளே, ஓட்டத்தில் வரும் குறையை ஆட்டிப் பார்த்துத் தேடுங்கள். புதுசு வந்தாலும் பழைய காவலைக் கழற்றிவிடாதீர்கள்!