ஏட்டில் ஏறாத வைத்தியம்: உத்திரமேரூர் வட்டாரத்துப் பெண்களும் பெயரில்லா நோய்களும்

உத்திரமேரூர் என்றதும் குடவோலை நினைவுக்கு வராத தமிழ் வாசகர் இருக்க முடியாது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகளைப் பள்ளிப் பாடநூல் முதல் அரசியல் மேடை வரை எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். வாரியத்தில் இடம்பெறுவதற்கான தகுதிகள் அவற்றில் எவ்வளவு நுணுக்கமாக வரையறுக்கப்பட்டுள்ளன! இறை செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேதப் பயிற்சி என்று நீளும் அந்தப் பட்டியலில் பெண் என்ற சொல்லுக்கு இடமில்லை. பத்தாம் நூற்றாண்டுப் பிரமதேயத்தில் அதை எதிர்பார்ப்பதும் நியாயமன்று. ஆயினும், ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் கண்ட இவ்வூரில் ஏரிக்கரையிலும் தோட்டத்திலும் உழைத்தவர்களின் உடல் என்ன பாடு பட்டது, அதற்கு யார் என்ன மருந்து கொடுத்தார்கள் என்ற கேள்வி நம்மைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து வருகிறது.

விடை தேடுவோர்க்கு முதலில் கிடைப்பது உத்திரமேரூருக்கு வடக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. கோயிலைச் சார்ந்த கல்விச்சாலையையும் விடுதியையும் பற்றிச் சொல்லிவரும் அது, 'வீரசோழன்' என்னும் பெயருடைய ஆதுலசாலை ஒன்றையும் விவரிக்கிறது. பதினைந்து படுக்கைகள். ஒரு மருத்துவர், அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக் கிரியை, அதாவது அறுவை செய்பவர் ஒருவர், அவருக்கு 30 கலம் நெல். மூலிகை கொணர்ந்து விறகிட்டு மருந்து காய்ச்சுவோர், நாவிதர், நீர் கொணர்பவர் என்று விரியும் அந்த வரிசையில் நோயாளிகளைப் பேணும் பெண்கள் இருவரும் வருகிறார்கள். அவர்களுக்குப் பெயர் சொல்லப்படவில்லை. மருத்துவரின் ஊதியத்தோடு ஒப்பிட்டால் அவர்களுடையது மிகச் சிறிது.

ஓராண்டுத் தேவைக்கு இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலையும் இக்கல்வெட்டு தருகிறது. வாசா ஹரீதகி, தசமூல ஹரீதகி, வில்வாதி கிருதம், லசுனாதி ஏரண்ட தைலம் என்று வடமொழிப் பெயர்களாகவே இருக்கும். பெயரைப் பிரித்தால் பொருள் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கும் கொல்லைக்கும் வந்துவிடும். வாசா நம் ஆடாதோடை, ஹரீதகி கடுக்காய், லசுனம் பூண்டு, ஏரண்டம் ஆமணக்கு. பூண்டும் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்த மருந்தை ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அதே பூண்டையும் விளக்கெண்ணெயையும் பிள்ளை பெற்றவளுக்கும் வயிற்றுவலிக்காரிக்கும் இன்றும் கொடுக்கும் பாட்டியிடம் கேட்டால், "எங்கம்மா செஞ்சா, நான் செய்யறேன்" என்பதற்கு மேல் வரலாறு கிடைக்காது. ஆதுலசாலை மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் உரியது. ஊர்ப் பெண்களின் வைத்தியம் ஊருக்குள்ளேயே, வாய்மொழியாகவே இருந்தது.

அந்த வாய்மொழியில்தான் நமக்கு, தமிழ் படித்தவன் என்ற முறையில், ஈடுபாடு. நேராகக் கேட்டால் பதில் வராது. "அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம், உங்களுக்கு எதுக்கு வாத்தியாரே?" என்று சிரித்துக்கொண்டே முடித்துவிடுவார்கள். எம் மாணவியர் தத்தம் பாட்டிமாரிடமும் அத்தைமாரிடமும் கேட்டெழுதி வந்த சொற்களே நமக்குக் கிட்டியவை. மாதவிலக்குக்குத் 'தூரம்'. வீட்டினின்று விலகியிருக்கும் தூரமே நிலைக்குப் பெயராகிவிட்டது. முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடாது ஒதுங்கி நிற்கும் மகளிரைப் பொன்முடியார் உவமையாக்கும் புறநானூற்று 299ஆம் பாட்டை நினைத்தால், இந்த ஒதுக்கத்தின் வயது விளங்கும். அந்தத் தீட்டுக்கு எதிராக வெளிப்படையாகக் கேள்வி கேட்டவர் சிவவாக்கியர். தூமை தீட்டென்றால் அதிலிருந்து உருவான உடல் என்ன என்ற அவர் வாதத்தை மேடையில் சொன்னால் கைதட்டல் எழுகிறது. வீட்டுத் திண்ணையில் சொன்னால் எழுவதில்லை.

மிகுதியான உதிரப்போக்குக்குப் 'பெரும்பாடு' என்று பெயர். சித்த மருத்துவ நூல்களும் மக்களும் ஒருங்கே ஆளும் அரிய சொல் இது. பாடு என்பதற்குத் துன்பம் என்றும் பொருளுண்டு. பெண்ணின் துன்பங்களுள் பெரியது என்று பெயரிட்டவர் யாரோ, அவர் அருகிலிருந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். கருப்பை கீழிறங்குவது 'அடி தள்ளுதல்'. சிறுநீர் எரிந்து சொட்டுச் சொட்டாகப் போவது 'நீர்க்கடுப்பு'. 'வெள்ளை', 'வெட்டை' இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வழங்குகின்றன. ஆனால் வெட்டை என்பதில் ஒழுக்கக் குற்றச்சாட்டின் நிழல் இருப்பதால் பெண்கள் அதைத் தம் வாயால் சொல்வதில்லை. அவர்கள் சொல்வது 'சூடு'. "உடம்புல சூடு பிடிச்சுக்கிச்சு" என்றால் கேட்பவள் புரிந்துகொள்வாள், பக்கத்தில் நிற்கும் ஆணுக்குப் புரியாது. இடக்கரடக்கல் என்று இலக்கண வகுப்பில் நாம் நடத்துவதற்கு இதைவிட உயிருள்ள சான்று வேண்டியதில்லை.

சூடு என்ற இந்த ஒரு சொல்லின் மீதுதான் வீட்டு வைத்தியம் முழுவதும் எழும்பியிருக்கிறது. சூட்டைத் தணிப்பதே சிகிச்சை. இரவு மோரில் ஊறவைத்த வெந்தயத்தைக் காலையில் விழுங்குவது, பழையசோற்று நீராகாரம், இளநீர், கோடையில் நுங்கு, கற்றாழைச் சோற்றை ஏழுமுறை கழுவிப் பனங்கற்கண்டுடன் உண்பது எல்லாம் இந்த வழிப்பட்டவை. கற்றாழைக்குக் 'குமரி' என்று நூற்பெயர் இருப்பதும் கருதத்தக்கது. நீர்க்கடுப்புக்குக் கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள், தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பார்கள், நெருஞ்சில் முள்ளைக் காய்ச்சிக் குடிப்பார்கள். வெள்ளைக்கு ஓரிதழ்த் தாமரையை அரைத்துப் பாலில் கலந்து கொடுப்பதுண்டு. பெரும்பாட்டுக்கு வாழைப்பூ, மாதுளை ஓடு, அசோகப் பட்டை எனத் துவர்ப்பெல்லாம் வரும். துவர்ப்பு கட்டும் என்பது கணக்கு. பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும்.

இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்கவும் மாட்டோம், முன்னோர் அறிவியல் என்று தலையில் வைத்துக் கொண்டாடவும் மாட்டோம். நடவு வயலில் பகல் முழுதும் குனிந்து நிற்கும் பெண், ஒதுங்க மறைவிடம் இல்லாமையால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறாள். நீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும். அவளுக்கு மோரும் இளநீரும் நீராகாரமும் கொடு என்ற பாட்டி, காரணம் எதைச் சொன்னாலும், நீரைத்தான் கொடுத்தாள். அது நல்லது. உளுந்தும் எண்ணெயும் வளரும் பெண்ணுக்கு ஊட்டம். ஆண் பிள்ளைகளுக்கே முதற்பந்தி என்ற வீட்டில் அவள் பெயரைச் சொல்லிச் சமைத்த உணவு அது ஒன்றாகவும் இருக்கலாம். நகத்துச் சுண்ணாம்பால் தொற்று தீராது. படிகார நீராலும் வேப்பிலைக் கஷாயத்தாலும் உள்ளே கழுவுவது இயல்பாக அங்கே காவல் காக்கும் நுண்ணுயிர்களை அழித்துத் தொல்லையை வளர்க்கும். எருக்கங்குச்சியைச் செருகிக் கருக்கலைத்த காலத்துச் சாவுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1971இல் கருக்கலைப்புச் சட்டம் வந்தும் அந்தக் குச்சி கைவிடப்படச் சில பத்தாண்டுகள் ஆயின.

சூடு என்ற சொல்லின் ஆபத்து வேறொன்று. எல்லா வெள்ளையும் நோயன்று. மாதத்தின் நாட்களுக்கேற்பக் கூடிக் குறையும் நிறமற்ற கசிவு உடலின் இயல்பு. அதைக் கண்டு உடம்பே உருகி வெளியேறுவதாக அஞ்சி மெலியும் பெண்கள் உண்டு. மாறாக, அரிப்பும் துர்நாற்றமும் நிறமாற்றமும் அடிவயிற்று வலியும் உள்ள கசிவு தொற்று; கூடலுக்குப் பின்னோ, மாதவிலக்கு நின்ற பின்னோ காணும் உதிரம் கருப்பைவாய்ப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். இத்தனையையும் 'சூடு' ஒரே போர்வைக்குள் மூடிவிடுகிறது. வெந்தயம் விழுங்கிக்கொண்டே மாதங்கள் கழிகின்றன.

அச்சுக் காலம் வந்தபோது இந்த மறைபொருள் சந்தைக்கு வந்தது. சென்னையில் கே.என். கேசரி நிறுவிய கேசரி குடீரத்தின் 'லோத்ரா' மாதர் நோய்களுக்கென்றே பெயர்பெற்ற மருந்து. வெள்ளிலோத்திரத்தின் வடமொழிப் பெயரே அதன் பெயர். 1928 முதல் 'கிருகலட்சுமி' என்ற தெலுங்கு மாதர் இதழையும் அவர் நடத்தினார் என்பதிலிருந்து, மருந்தும் இதழும் ஒரே வாசகியை நோக்கி நடந்தமை தெரிகிறது. கடையில் கேட்கக் கூசுபவள் அஞ்சலில் தருவித்துக்கொள்ளலாம் அல்லவா?

மருத்துவமனைப் பக்கமும் கூச்சமே வரலாற்றை நடத்தியது. 1866இல் சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப், ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டாமலே மடியும் பெண்களின் நிலை கேட்டு, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1885இல் சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும் என்று அவர் முயற்சியில் தொடங்கிய மருத்துவமனையே இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. 1912இல் பட்டம்பெற்ற முத்துலட்சுமி ரெட்டி பிற்பாடு, 1954இல், அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். ஆனால் உத்திரமேரூர் வயல்காட்டுப் பெண்ணுக்குத் திருவல்லிக்கேணி வெகுதூரம். அவளுக்கு இருந்தவள் ஊர் மருத்துவச்சிதான்.

வெகுநாள் வரை அரசுக்குப் பெண்ணின் கருப்பை இரண்டே காரணங்களுக்காக வேண்டியிருந்தது: பிள்ளைப்பேறும் குடும்பக் கட்டுப்பாடும். இடையிலுள்ள காலத்தில் அவளுக்கு நோய் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தவர்கள் மகாராட்டிரத்து ராணி பங், அபய் பங் இணையர். கட்சிரோலி மாவட்டத்தின் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைச் சோதித்து, 1989இல் 'லான்செட்' இதழில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை உலகையே திடுக்கிட வைத்தது. 92 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மகளிர் நோய் இருந்தது. அதற்குமுன் அவ்வகைப் பரிசோதனைக்கு உட்பட்டவர்கள் 8 விழுக்காட்டினரே. 2005இல் வெளியான ஓர் ஆய்வு, கிராமப்புறத் தமிழ்நாட்டின் இளம் மணமான பெண்களிடையே 53 விழுக்காட்டினர் அறிகுறி சொன்னதையும், அவர்களில் மூன்றில் இரு பங்கினர் மருத்துவம் நாடாததையும் காட்டியது. ஏன் நாடவில்லை என்றால், பெண் மருத்துவர் இல்லை, மறைவிடம் இல்லை, தொலைவு, செலவு. இதெல்லாம் சகஜம்தானே என்ற எண்ணமும் ஒன்று.

நம் மாவட்டத்திலேயே இதற்கு முன் நடந்த ஒரு முயற்சியைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை குறையுடையதாகும். 1981இல் டி.கே. சுந்தரி ரவீந்திரனும் பன்னிரண்டு தலித் பெண்களும் சேர்ந்து செங்கற்பட்டுப் பகுதியில் கிராமப்புறப் பெண்கள் சமூகக் கல்வி மையத்தைத் தொடங்கினர். 2019இல் செங்கற்பட்டு தனி மாவட்டமாகும்வரை அது காஞ்சிபுரம் மாவட்டத்து நிறுவனம். உழைக்கும் பெண்களே நலக் கல்வியாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். பெண்ணுடலைப் பற்றி எளிய தமிழில் சிறு நூல்கள் வெளியாயின. 1995இல் அவர்கள் ஒரு மருத்துவமனையையும் தொடங்கினர். திருமுக்கூடல் கல்வெட்டில் பெயரின்றி நின்ற அந்த இரு பெண்களுக்குப் பின் இவ்வட்டாரத்தில் நமக்குக் கிடைக்கும் மற்றொரு பெண்-மருத்துவ ஆவணம் இச்சிறு நூல்கள் என்றால், இலக்கியக்காரர்கள் சிலர் புன்னகைக்கக் கூடும். புன்னகைக்கட்டும். 'அடி தள்ளுதல்' என்ற சொல்லையும் அதன் காரணத்தையும் கூச்சமின்றிப் பேசும் உரைநடை நம் சிறுகதைகளில் எத்தனை இருக்கிறது?

இன்று நிலை மாறியிருக்கிறது என்பதும் உண்மை. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நிகழ்கின்றன. அதே கணக்கெடுப்பு, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகையுற்றவர் என்கிறது. பெரும்பாடு இன்னும் பெரும்பாடாகவே இருக்கிறது என்று இதைப் படிக்கலாம், உணவும் காரணம்தான். திண்டுக்கல் மாவட்டத்தில் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனையை நடத்தி, அதனால் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 விழுக்காடு குறைந்ததை 2007இல் உலகுக்குக் காட்டினார்கள். இப்போது அரசு மருத்துவ நிலையங்களில் அச்சோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. வெள்ளையோ உதிரமோ இயல்பு மீறினால் அங்கே செல்லலாம்.

செல்பவர்கள் மருத்துவரிடம் என்ன சொல்கிறார்கள் என்று எம் மாணவி ஒருத்தியிடம் விசாரித்தோம். அவள் செவிலியர் பயிற்சிக்குச் சென்றவள். "சூடு சார்" என்றாள். "நாங்கதான் அப்புறம் ஒவ்வொண்ணா கேட்டு எழுதிக்குவோம்."