அடுத்து யார் குடிப்பது?

திருவிருந்து ஞாயிறன்று பீடத்தின் முன் முழங்காலிடும் வரிசையைச் சற்று உற்றுப் பாருங்கள். அப்பம் கொடுத்து முடிந்ததும் சபை ஐயர் திராட்சரசம் உள்ள வெள்ளிப் பாத்திரத்தை ஏந்தி வருகிறார். ஒருவர் ஒரு மிடறு பருகியதும் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்பி, அடுத்தவர் உதட்டருகே கொண்டுபோகிறார். அந்த வரிசையில் தாசில்தாரும் கொத்தனாரும் தோளோடு தோள் உரச இருக்கலாம். முன்னே பின்னே தெரியாதவர் வாய் வைத்த பாத்திரத்தில் நாமும் வாய் வைப்பது நம் வீட்டில்கூட நடக்காத காரியம். இந்தப் பாத்திரம் கடந்துவந்த இரண்டாயிரம் ஆண்டுப் பாதையில் சண்டைகள் பெரும்பாலும் அந்த ஒரு மிடற்றைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன.

எருசலேமில் பஸ்கா இரவில் இயேசு சீடர்களுக்குக் கொடுத்த பாத்திரம் எதனால் ஆனது என்று சுவிசேஷங்கள் சொல்லவில்லை. அதுதான் இது என்று ஸ்பெயினின் வலென்சியா பேராலயம் ஒரு கல் கிண்ணத்தைக் காட்டுகிறது. நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. ஆனால் அந்த இரவுக்குப் பிறகு கால் நூற்றாண்டு கழிவதற்குள்ளேயே விருந்தில் தகராறு வந்துவிட்டது என்பது உறுதி. கொரிந்து பட்டணத்தில் வசதி படைத்தவர்கள் முதலில் வந்து உண்டு குடித்து மயங்கிக் கிடந்தார்கள். வேலை முடிந்து வந்த ஏழைகள் பசியோடு நின்றார்கள். பவுல் கொதித்துப்போய் எழுதிய கடிதம் புதிய ஏற்பாட்டில் இருக்கிறது. அப்பமும் ரசமும் எதுவாக மாறுகின்றன என்ற விவாதம் அதில் இல்லை. இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே என்பதுதான் அவருடைய கேள்வி.

இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதி வைத்ததைப் படித்தால், வர முடியாதவர்களுக்கும் விருந்தின் பங்கை உதவிக்காரர்கள் வீடு தேடிக் கொண்டுபோனார்கள் என்று தெரிகிறது. பாத்திரம் மேசையை விட்டுத் தெருவில் இறங்கிவிட்டது. பிறகு அரசர்களின் காலம் வந்தது. வெள்ளியும் பொன்னும் சேர்ந்தன. 1868இல் அயர்லாந்தின் ஆர்டா என்னும் ஊருக்கருகே உருளைக்கிழங்கு தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த எட்டாம் நூற்றாண்டுப் பாத்திரம் இன்று டப்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 354 துண்டுகளை இணைத்துச் செய்தது. சுற்றிலும் அப்போஸ்தலர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். அதற்கு இரண்டு கைப்பிடிகள். குருவானவர் தனியே பருகுவதற்கு அவ்வளவு பெரிய பாத்திரம் தேவையில்லை. கூடியிருந்த சபை முழுவதும் பருகச் செய்த பாத்திரம் அது.

அதன் பிறகு பாத்திரம் மெல்ல மெல்ல மக்களிடமிருந்து விலகியது. கர்த்தரின் இரத்தம் தரையில் சிந்திவிடுமோ என்ற பயபக்தி முதற்காரணம். அப்பத்திலேயே கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்ற போதனை அதற்குத் துணை நின்றது. பன்னிரண்டு, பதிமூன்றாம் நூற்றாண்டுகளுக்குள் சபையாருக்கு அப்பம் மட்டும், பாத்திரம் குருவுக்கு என்றாகிவிட்டது. 1414இல் பிராகா நகரில் யாகூபெக் என்ற போதகர் பாத்திரத்தை மீண்டும் மக்களிடம் நீட்டினார். மறு ஆண்டு ஜூனில் கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் அதைத் தடை செய்தது. அதே சங்கத்தின் தீர்ப்பின்படி சில வாரங்களில் பிராகாவின் இன்னொரு போதகரான யான் ஹஸ்ஸை உயிரோடு எரித்தார்கள். பிராகா இருக்கும் பொஹிமிய நாட்டவர்கள் பாத்திரத்தைக் கொடியில் வரைந்துகொண்டு போருக்குப் போனார்கள். 1436இல் ஏற்பட்ட உடன்படிக்கையில் பாத்திரம் அவர்களுக்குக் கிடைத்தது. ஒரு மிடறு ரசத்துக்காக இவ்வளவு இரத்தமா என்று இன்று கேட்கத் தோன்றும். குருவுக்கு ஒரு பந்தி, குடியானவனுக்கு ஒரு பந்தி என்பதை அவர்களால் ஏற்க முடியவில்லை.

லூத்தரின் வழி வந்த சபைகளில் பாத்திரம் எல்லாருக்கும் பொதுவானது. 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய லூத்தரன் மிஷனரிகள் சீகன்பால்கும் புளூட்சோவும் அந்த வழக்கத்தைத்தான் கொண்டுவந்தார்கள். ஐரோப்பாவில் குருவுக்கும் மக்களுக்கும் நடுவே இருந்த கோடு, இங்கே மக்களுக்கும் மக்களுக்கும் நடுவே விழுந்தது. தரங்கம்பாடியிலும் தஞ்சாவூரிலும் வேளாளர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம் என உட்கார்ந்தார்கள். பாத்திரம் முதலில் வேளாளரிடம் போய்விட்டுத்தான் மற்றவர்களிடம் வந்தது. பாத்திரம் ஒன்றாக இருந்த இடத்திலும் வரிசை வேறு. தேநீர்க் கடையின் இரட்டைக் குவளை செய்த வேலையை இங்கே வரிசையே செய்துவிட்டது.

1833 ஜூலையில், தஞ்சாவூர் வரை பொறுப்பிலிருந்த ஆங்கிலிக்கக் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். சபையில் சாதி வேறுபாட்டை உடனே, முழுவதுமாக விட்டொழிக்க வேண்டும் என்பது அவருடைய உத்தரவு. உட்காரும் இடத்திலும் திருவிருந்திலும் பிரிவு கூடாது. தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். அந்த உத்தரவுக்கு முன்பே, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் சாதி ஆசாரத்தில் மிஷனரிமார் கைவைக்கக் கூடாதென்று வாதாடி எழுதியிருந்தார். தமிழில் அவ்வளவு உருகிப் பாடிய பக்தர் அவர். அவரும் சரி, வெளியேறியவர்களும் சரி, விசுவாசம் குறைந்தவர்கள் அல்ல. அந்த மிடறுதான் தொண்டையில் இறங்கவில்லை.

அரை நூற்றாண்டுக்குப் பின் வேறொரு தயக்கம் வந்தது. 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அமெரிக்காவில் பொதுப் பாத்திரத்தைப் பார்த்து மக்கள் அஞ்சினார்கள். அங்கே 1869இலேயே வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல்மருத்துவர் நொதிக்காத திராட்சைச் சாற்றைத் திருவிருந்துக்கென்று தயாரித்திருந்தார். இப்போது ஒஹாயோவில் மருத்துவரும் போதகருமான ஜே. ஜி. தாமஸ் ஆளுக்கொரு சிறு கிண்ணம் வைக்கும் தட்டை வடிவமைத்து 1894இல் காப்புரிமை பெற்றார். கிருமியைப் பற்றிய அச்சம் உண்மையானது. பக்கத்தில் முழங்காலிட்டவர் எந்த வர்க்கம், எந்த இனம் என்ற அருவருப்பும் அந்தக் கிண்ணத்துக்குள் கொஞ்சம் கலந்திருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டு எதிர்த் திசையிலும் நடந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கர், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியர், காங்கிரிகேஷனலிஸ்ட் ஆகியோர் ஒரே பந்திக்கு வந்தார்கள். 1950இல் வெளியான அதன் ஆராதனை முறை, கேரளத்துச் சிரியன் மரபிலிருந்து சமாதானத்தைக் கைக்குக் கை கொடுக்கும் வழக்கத்தை எடுத்துக்கொண்டது. பாத்திரத்துக்குமுன் பக்கத்திலிருப்பவரின் கையைத் தொட்டாக வேண்டும். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சில வேளைகளில் பொதுநிலையினருக்கும் பாத்திரத்தைத் திறந்துவிட்டது. ஆனால் 2020இல் கொரோனா வந்து, பல சபைகளில் பொதுப் பாத்திரம் நின்றது. பலர் வீட்டில் திரை முன் அமர்ந்து அப்பமும் சாறும் எடுத்தார்கள்.

சிறு கிண்ணத்தில் குடித்தால் ஐக்கியம் கெட்டுவிடும் என்று நான் சொல்லமாட்டேன். நோயாளியைக் காப்பதும் அன்புதான். ஒரே பாத்திரத்தில் குடிப்பதாலேயே ஐக்கியம் வந்துவிடாது என்பதற்கும் தஞ்சாவூரே சாட்சி. இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தைச் சாதி பிரிக்கிறது. சபைத் தேர்தல் வந்தால் ஓட்டு சாதிவாரியாக விழுகிறது. சம்பந்தம் பேசும்போது கேட்கப்படும் முதல் கேள்வி ஞானஸ்நானத்தைப் பற்றியது அல்ல. வரிசையில் யார் பக்கத்திலும் முழங்காலிடலாம், வீட்டுப் பந்தியில் மட்டும் கூடாது என்கிற சபைக்குக் கொரிந்துக்குப் போன கடிதமே போதும். பசித்தவனை வெளியே நிறுத்திவிட்டு உண்ணும் விருந்தைக் கர்த்தருடைய விருந்து என்று ஒப்புக்கொள்ளவே பவுல் மறுத்துவிட்டார்.