ஒருநாள் பூவும் ஒரு நோட்டுப் புத்தகமும்

காலையில் விரிஞ்சு, பொழுது சாயறதுக்குள்ள வாடிப்போற பூ ஒண்ணு இருக்குங்க. டே லில்லின்னு பேர். தாவர சாஸ்திரத்தில் ஹெமரோகாலிஸ். கிரேக்க மொழியில் ‘ஒரு நாள் அழகு’ன்னு அர்த்தம். பேர்ல லில்லி இருக்கே தவிர இது நிஜமான லில்லி இனம் இல்லை. பூமிக்குள்ள வெங்காயம் மாதிரி கிழங்கு கிடையாது, சதைப்பிடிப்பான வேர்தான். பூ ஒருநாள்தான் இருக்கும். ஆனா ஒரு தண்டுல நிறைய மொட்டு வரும். இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணுன்னு வாரக்கணக்கில் செடியில் பூ இருந்துகிட்டே இருக்கும்.

இந்தப் பூவில் இதுவரைக்கும் பதிவான ரகம் 80,000ஐத் தாண்டிடுச்சு. அதில் ரொம்ப ரகத்தை உண்டாக்கினது வாத்தியார், விவசாயி, வீட்டுத் தோட்டத்தில் பொழுதைப் போக்கினவங்க. பெரிய கம்பெனியும் இல்லை, அரசாங்கப் பண்ணையும் இல்லை. சாதாரண ஜனங்க கையில் இவ்வளவு நடந்தது எப்படின்னு தெரிஞ்சுக்கத்தான் இதோட வரலாற்றைத் தேடிப் படிச்சேன்.

பூவுக்குச் சொந்த ஊர் சீனா, கொரியா, ஜப்பான் பக்கம். சீனாக்காரங்களுக்கு இது அழகுச்செடி மட்டும் இல்லை, சமையல் சாமானும்கூட. ஒரு வகையோட மொட்டை விரியறதுக்கு முன்னாடியே பறிச்சு, வேகவைச்சு, காயவைச்சு எடுத்து வைப்பாங்க. ‘தங்க ஊசி’ன்னு சொல்லிக் குழம்பில் போடுவாங்க. நம்ம வீட்ல சுண்டக்காய் வத்தல் இருக்கிற மாதிரின்னு வச்சுக்கங்களேன். இந்தச் செடிக்கு அங்கே ‘கவலை மறக்கும் பூண்டு’ன்னு ஒரு பேர் உண்டு. தாயாருக்கு அடையாளமாவும் அதைத்தான் சொல்றாங்க.

16ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் ரெண்டு வகை இருந்துச்சு. ஒண்ணு எலுமிச்சை மஞ்சள், இன்னொண்ணு செம்மண் கலந்த ஆரஞ்சு. ஹெமரோகாலிஸ்னு பேர் வச்சது லின்னேயஸ், 1753இல். ஐரோப்பாவில் இருந்து குடியேறிப் போன ஜனங்க அந்த ஆரஞ்சு வகையோட வேரையும் அமெரிக்காவுக்குக் கொண்டு போனாங்க. அங்கே ரோட்டோரம், வாய்க்கால் ஓரம், இடிஞ்ச வீட்டு வாசல்னு எல்லா இடத்திலும் பரவிடுச்சு. ஆனா ஒரு விசேஷம், அதில் விதையே பிடிக்காது.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு பையன் தன் அம்மா வச்சிருந்த இந்த ஆரஞ்சுப் பூவைப் பார்த்து, ‘இத்தனை பூக்குதே, ஏன் காய் பிடிக்கலை?’ன்னு யோசிச்சிருக்கான். 1876இல் பிறந்த ஆர்லோ பர்டெட் ஸ்டௌட்தான் அந்தப் பையன். பின்னாடி 1911இல் நியூயார்க் தாவரவியல் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்தார். சின்ன வயசுக் கேள்வியை அங்கேயும் விடலை.

அதுக்குப் பதில் நம்ம வாழைத்தோப்பிலேயே இருக்கு. சாதாரணமா டே லில்லிக்கு 22 குரோமோசோம், அதாவது 11 வீதம் ரெண்டு அடுக்கு. இந்த ஆரஞ்சு வகைக்கு மூணு அடுக்கு, 33. ஒத்தைப்படை அடுக்கை ரெண்டாச் சமமாப் பிரிக்க முடியாததால் விதை உருவாகிறது தடுமாறும். நாம சாப்பிடற வாழையில் பெரும்பாலான ரகத்துக்கும் இதே மூணு அடுக்கு, இதே 33 குரோமோசோம். அதனாலதான் வாழைப்பழத்தில் கொட்டை இல்லை, பக்கக்கன்று எடுத்து நடறோம். அந்த ஆரஞ்சுப் பூவும் அப்படியே வேர்த்துண்டா ஊர் ஊரா நடந்திருக்கு. எல்லாம் ஒரே செடியோட துண்டு. ஒண்ணோட மகரந்தத்தை இன்னொண்ணுல வச்சாலும், தன் பூவுக்குத் தானே தடவிக்கிட்ட மாதிரிதான்.

ஸ்டௌட்டுக்கு முன்னாடியே இங்கிலாந்தில் யார்க் நகரத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஜார்ஜ் யெல்ட் இந்த வேலையைத் தொடங்கியிருந்தார். ரெண்டு மஞ்சள் வகைகளை ஒட்டுச் சேர்த்து 1890களின் தொடக்கத்தில் ‘ஆப்ரிகாட்’னு ஒரு ரகம் கொண்டுவந்தார். மனுஷன் கலந்து உண்டாக்கினதா பதிவில் இருக்கிற முதல் டே லில்லி அதுதான். ஆனா அப்போதைக்கு நிறம் மஞ்சளையும் ஆரஞ்சையும் தாண்டலை.

நிறம் மாறினதுக்கு சீனாதான் மறுபடி உதவி பண்ணுச்சு. நான்ஜிங்கில் வேலை பார்த்த ஆல்பர்ட் ஸ்டீவர்ட்னு ஒரு அமெரிக்கத் தாவரவியலாளர் 1920களில் காட்டு வகைச் செடிகளை ஸ்டௌட்டுக்கு அனுப்பிக்கிட்டே இருந்தார். அதில் இளஞ்சிவப்பு ஒண்ணும் இருந்துச்சு. ஸ்டௌட் தலைமுறை தலைமுறையாக் கலந்து, வேண்டாததைக் கழிச்சு, 1934இல் ‘தெரான்’னு கருஞ்சிவப்பு ரகத்தை வெளியே கொண்டுவந்தார். டே லில்லி பத்தி அவர் எழுதின புத்தகமும் அதே வருஷம் வந்துச்சு.

ஒட்டுச் சேர்க்கிற வேலை கஷ்டம் இல்லீங்க. காலையில் பூ விரிஞ்சதும் ஒரு பூவோட மகரந்தத் தாளைக் கிள்ளி, இன்னொரு பூவோட சூல்முடியில் தடவணும். பூக்காம்பில் எது தாய், எது தகப்பன்னு எழுதின சீட்டைக் கட்டணும். காய் முத்தினா உள்ளே கருப்பா, பளபளன்னு விதை இருக்கும். விதைச்சு, பூப் பார்க்க ரெண்டு மூணு வருஷம். ஒரே காயில் இருந்து வந்த செடியும் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. நூறு செடியில் ஒண்ணு தேறினா அதிர்ஷ்டம். தேறினதை வேர் பிரிச்சுப் பெருக்கினா அப்படியே அச்சு மாறாம வரும்.

இதுக்கு வேண்டியது கண்ணும் பொறுமையும் ஒரு நோட்டும்தான். 1946இல் அமெரிக்காவில் அயோவா மாநிலத்து ஷெனன்டோவா ஊரில் டே லில்லிச் சங்கம் தொடங்கினாங்க. அதுக்குப் பின்னாடி இருந்தது ரேடியோவில் தோட்டக்கலை பேசின ஹெலன் ஃபீல்ட் ஃபிஷர்னு ஒரு அம்மா. ஸ்டௌட் பேரில் ஒரு வெள்ளிப் பதக்கம் ஏற்படுத்தி 1950இல் முதல் தடவையா ‘ஹெஸ்பெரஸ்’ங்கிற ரகத்துக்குக் கொடுத்தாங்க. அதை உண்டாக்கின ஹான்ஸ் சாஸ் நெப்ராஸ்கா விவசாயி. ஜெர்மனியில் இருந்து குடியேறின குடும்பம். விஞ்ஞானி பேரில் உள்ள பதக்கம் முதல்ல போனது விவசாயி வளர்த்த பூவுக்கு. 1985இல் அதே பதக்கம் வாங்கின ‘ஸ்டெல்லா டி ஓரோ’ங்கிற குட்டிப் பூவும் இண்டியானாவில் வால்டர் ஜப்லோன்ஸ்கின்னு ஒருத்தர் வீட்டுத் தோட்டத்தில் உண்டாக்கினதுதான். இன்னைக்கு உலகத்திலேயே அதிகமா நடப்படற டே லில்லிகளில் அதுவும் ஒண்ணு.

நடுவில் நம்ம மண்ணோட தொடர்புள்ள விஷயம் ஒண்ணு நடந்துச்சு. கோல்ச்சிசின்னு ஒரு மருந்தை இளம் குருத்தில் பட வைச்சா குரோமோசோம் ரெட்டிப்பாகும்னு 1937இல் கண்டுபிடிச்சாங்க. டே லில்லியில் 22 இருந்தது 44 ஆச்சு. தண்டு தடிச்சது, இதழ் கனத்தது, நிறம் அடர்த்தியாச்சு. 1940களின் கடைசியில் தொடங்கின அந்த வேலை 1960களில் பெரிசாப் பரவுச்சு. இப்ப வர்ற புது ரகங்களில் பாதிக்கு மேல் அந்த வழியில் வந்ததுதான்.

அந்த மருந்து ஐரோப்பாவில் ஒரு பூச்செடியில் இருந்து எடுத்தது. அதே மருந்து நம்ம செங்காந்தள் விதையிலும் கிழங்கிலும் இருக்கு. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி பக்கம் நாங்க கண்வலிக்கிழங்குன்னு சொல்லிப் பயிர் பண்றது அதைத்தான். நம்ம மாநிலப் பூவும் அதுதான். மூட்டு வீக்கத்துக்கான மருந்துக்காக விதை வெளிநாடு போகுது. இதிலும் நாங்க காலையில் பூவுக்குப் பூ கையால மகரந்தம் தடவறோம். சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி நிக்கும், தன் மகரந்தம் தானாப் போய்ச் சேராது. கை படலைன்னா காய் குறையும்.

ஆக, ஒட்டுச் சேர்க்கிற கை எங்ககிட்டயும் இருக்கு. அங்கே அது புது ரகமா, பேரா, பதக்கமா ஆச்சு. இங்கே அது விதை மூட்டையா மட்டும் ஆச்சு, அந்த மூட்டைக்கு விலை சொல்றதும் நாங்க இல்லை. எந்தப் பூவில் இருந்து எந்தப் பூவுக்குத் தடவினோம், எந்தக் கொடியில் காய் பெருத்ததுன்னு எழுதி வைக்கிற பழக்கம் எங்க பக்கம் இல்லவே இல்லை. நல்ல கொடி எதுன்னு கண்ணுக்குத் தெரியும். ஆனா கிழங்கு தோண்டறப்ப எல்லாம் ஒரே குவியல்தான்.

விவசாயி தான் பேணி வளர்த்த ரகத்தைத் தன் பேரில் பதிவு பண்ணிக்க நம்ம நாட்டில் 2001ஆம் வருஷச் சட்டம் வழி கொடுத்திருக்கு. பதிவுக்குப் போனா, அந்த ரகம் மத்ததில் இருந்து எப்படி வித்தியாசம், வருஷா வருஷம் மாறாம வருதான்னு கேப்பாங்க. எழுதி வச்சிருந்தாத்தான் அதுக்குப் பதில் சொல்ல முடியும்.

இந்தப் போகத்தில் இருபது கொடிக்கு நம்பர் போட்டு சீட்டுக் கட்டியிருக்கேன். பூத்த தேதி, தடவின தேதி, காயோட எண்ணிக்கை எல்லாம் மக ஸ்கூல் நோட்டில் மீந்த பக்கத்தில் ஏறிக்கிட்டு இருக்கு. தை மாசம் அறுப்பு முடிஞ்சதும் கணக்கை இங்கேயே போடறேன். மாடியில் தொட்டி வச்சிருக்கிறவங்க செம்பருத்தியிலோ டே லில்லியிலோ இதே மாதிரி சீட்டுக் கட்டிப் பாருங்க. கண்வலிக்கிழங்கை மட்டும் குழந்தைங்க இருக்கிற வீட்ல வைக்காதீங்க, வேரில் இருந்து விதை வரைக்கும் விஷம்.