பதிவேட்டில் ஏறிய பெயர்: நியூயார்க்கின் குழந்தைப் பாதுகாப்பு விசாரணையும் பெற்றோரின் மறுப்புரிமையும்

நியூயார்க் மாநிலத்தில் பெற்றோர் தம் குழந்தையைத் துன்புறுத்துகிறார்கள் என்றோ கவனியாமல் விடுகிறார்கள் என்றோ யாராவது புகார் சொன்னால், அது முதலில் மாநில மையப் பதிவேட்டின் தொலைபேசி எண்ணுக்குப் போகிறது. அங்கிருந்து உள்ளூர்க் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்பப்படுகிறது. விசாரணை அலுவலர் வீட்டுக்கு வருகிறார். சமையலறையைப் பார்க்கிறார், குழந்தையிடம் தனியே பேசுகிறார், பள்ளியிலும் மருத்துவரிடமும் விசாரிக்கிறார். 60 நாளுக்குள் அவர் இரண்டு முடிவுகளில் ஒன்றை எழுத வேண்டும். ஒன்று, புகார் அடிப்படையற்றது. மற்றொன்று, புகாருக்குச் சான்றுண்டு. இரண்டாவதை எழுதிவிட்டால் பெற்றோருக்கு ஒரு கடிதம் வரும். அந்த முடிவை எந்த நீதிபதியும் எடுக்கவில்லை. யாரும் உறுதிமொழி எடுத்துச் சாட்சி சொல்லவில்லை, யாரும் குறுக்கு விசாரணை செய்யப்படவும் இல்லை. ஆனாலும் 'சான்றுண்டு' என்ற அந்த ஒரு சொல்லால் ஒரு தாயோ தந்தையோ பல ஆண்டுகளுக்குக் குழந்தைகள் தொடர்பான வேலைக்குப் போக முடியாமல் ஆகலாம், வளர்ப்புப் பெற்றோராகும் தகுதியை இழக்கலாம்.

இந்தச் சொல்லைச் சட்டம் நெடுங்காலம் ஓர் அலுவலகக் குறிப்பாகவே கருதி வந்தது. பெயர் எதுவானாலும் அது ஒரு தீர்ப்பு என்பதே இக்கட்டுரையின் வாதம். தீர்ப்பின் விளைவுகளைக் கொண்டுவரும் எந்த முடிவுக்கும் தீர்ப்புக்குரிய சான்றளவும் விசாரணையும் முன்கூட்டியே தேவை. முடிவை எழுதிவிட்டு, விருப்பமிருந்தால் மறுத்துக்கொள் என்று சொல்வது அதற்கு ஈடாகாது.

இந்தப் பதிவேடுகள் எங்கிருந்து வந்தன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1962-ல் ஹென்றி கெம்ப் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில், அடிபட்ட குழந்தைகளின் உடலில் காணப்படும் காயங்களை ஒரு நோய்க்குறித் தொகுதியாக விவரித்துக் கட்டுரை எழுதினார்கள். மருத்துவர்கள் கண்டும் காணாமல் விட்டுவந்த எலும்பு முறிவுகளுக்கு அப்போது ஒரு பெயர் கிடைத்தது. ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்க மாநிலங்கள் எல்லாம் புகாரளிப்பதைக் கட்டாயமாக்கும் சட்டங்களை இயற்றின. நியூயார்க்கின் குழந்தைப் பாதுகாப்புச் சேவைச் சட்டம் 1973-ல் வந்தது, கூட்டாட்சிச் சட்டம் 1974-ல் வந்தது. நோக்கம் தூயது, தேவையும் உண்மையானது. ஆனால் எலும்பு முறிந்த குழந்தையைக் காக்க அமைத்த வலையில், பின்னாளில் பெரும்பகுதியாக விழுந்தவை அடி உதைப் புகார்கள் அல்ல, 'கவனியாமை' என்ற தளர்ந்த சொல்லுக்குள் அடங்கும் புகார்கள். வறுமைக்கும் கவனியாமைக்கும் இடையே கோடு கிழிப்பது எந்த அலுவலருக்கும் எளிதன்று. 2017-ல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்கக் குழந்தைகளில் 37.4 விழுக்காட்டினர் 18 வயதுக்குள் இத்தகைய விசாரணை ஒன்றைக் காண்கிறார்கள் என்று மதிப்பிட்டது. கறுப்பினக் குழந்தைகளிடையே அது 53 விழுக்காடு. இத்தனை வீடுகளைத் தொடும் ஒரு நடைமுறையின் பிழைகளை அரிதான விதிவிலக்குகள் என்று ஒதுக்க முடியாது.

அந்தப் பிழையின் அமைப்பை மிகத் தெளிவாகக் காட்டிய வழக்கு, 1994-ல் கூட்டாட்சியின் இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த வால்மோன்டே எதிர் பேன். நியூயார்க்கின் ஆரஞ்சு மாவட்டத்தில் ஒரு தாய், திருடினாள் என்பதற்காகத் தன் 11 வயது மகளைக் கன்னத்தில் அறைந்தார். மிகையான உடல் தண்டனை என்று புகார் பதிவானது. குடும்ப நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கு, குடும்பம் ஆலோசனை பெற வேண்டும் என்ற நிபந்தனையோடு முடிந்தது. பதிவேட்டில் ஏறிய பெயர் மட்டும் அப்படியே இருந்தது. குழந்தைகள் தொடர்பான வேலைக்கு ஆளெடுக்கும் நிறுவனங்கள் பதிவேட்டைச் சரிபார்த்தாக வேண்டும் என்பது விதி. பெயருள்ளவரை வேலைக்கு எடுத்தால் ஏன் எடுத்தோம் என்று எழுத்தில் காரணம் பதிந்து வைக்க வேண்டும். எந்த நிறுவனம் அந்தச் சிரமத்தை ஏற்கும்? வெறும் அவப்பெயர் மட்டுமே அரசியலமைப்புச் சட்டம் காக்கும் சுதந்திர உரிமையைத் தொடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976-ல், கடைத் திருடர்கள் என்று காவல்துறை சிலரின் படங்களை வணிகர்களுக்குச் சுற்றுக்கு விட்ட வழக்கில் சொல்லியிருந்தது. வால்மோன்டே வழக்கில் நீதிமன்றம் அந்தத் தடையைத் தாண்டியது. இங்கே அவப்பெயரோடு சட்டமே விதிக்கும் வேலை இழப்பும் சேர்ந்து வருகிறது என்றது.

சான்றளவைப் பற்றி அந்தத் தீர்ப்பு சொன்னதுதான் இங்கே முக்கியம். பதிவேட்டில் பெயரை ஏற்ற அன்று போதுமாயிருந்தது 'நம்பத்தக்க ஏதேனும் சான்று'. மறுதரப்பில் எவ்வளவு வலுவான சான்று இருந்தாலும் அதோடு ஒப்பிட்டு எடைபோட வேண்டியதில்லை. இந்தப் பக்கம் ஏதோ கொஞ்சம் இருந்தால் சரி. தராசில் ஒரே தட்டை மட்டும் வைத்து நிறுப்பது போன்றது இது. குடும்ப நீதிமன்றத்தில் கவனியாமையை நிறுவ, சான்றின் எடை ஒரு பக்கம் சாய வேண்டும். பெற்றோர் உரிமையையே நீக்க, தெளிவும் உறுதியும் உள்ள சான்று வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1982-ல் சான்டோஸ்கி எதிர் கிரேமர் வழக்கில் தீர்த்தது. அதுவும் நியூயார்க்கிலிருந்து போன வழக்குதான். குற்றவியல் தண்டனைக்கு நியாயமான ஐயத்துக்கு இடமில்லாத சான்று. இந்தப் படிக்கட்டின் அடியில், ஏறத்தாழ தரையிலேயே, பதிவேட்டு முடிவு கிடந்தது. இதில் மிகக் கொடிய பகுதி காலவரிசை. பெயரை நீக்கக் கேட்டபோதும், அதன்பின் நடந்த நிர்வாக விசாரணையிலும் அன்று அதே 'ஏதேனும் சான்று' அளவுதான் இருந்தது. பெயரைப் பார்த்து ஒரு நிறுவனம் வேலை மறுத்த பிறகு நடந்த விசாரணையில் மட்டுமே சான்றின் எடை இரு பக்கமும் ஒப்பிடப்பட்டது. அதாவது, சரியான தராசைக் கையில் கொடுப்பதற்கு முன் வேலையை இழந்திருக்க வேண்டியிருந்தது.

பெயர் நீக்கக் கோரியவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் கடைசியில் வென்றனர் என்று அத்தீர்ப்பு பதிவு செய்கிறது. இலினாய் மாநிலத்தின் பதிவேட்டைப் பற்றிய வழக்கில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் 2001-ல் கண்ட எண்ணிக்கையும் இதற்கு வெகு அருகில் இருந்தது: எதிர்க்கப்பட்ட முடிவுகளில் 74.6 விழுக்காடு நீக்கப்பட்டன. இந்த எண்களைப் பெற்றோர் தரப்பினர் அவசரப்பட்டுப் பயன்படுத்துவதுண்டு. மறுத்தவர்களில் முக்கால் பங்கு என்பது பதிவானவர்களில் முக்கால் பங்கு ஆகாது. தம் பக்கம் நியாயம் உண்டு என்று நம்புகிறவர்களே அதிகமாக மறுக்க முன்வருவார்கள். இந்த எச்சரிக்கையை ஏற்றுக்கொண்ட பிறகும் எண் சொல்வது ஒன்று மிஞ்சுகிறது. ஒரே வழக்கை இரண்டு அளவுகளால் அளந்தால் இரண்டு விடைகள் வரும். முதல் அளவு தளர்வாகவும் இரண்டாவது கடுமையாகவும் இருந்தால், திருத்தப்படும் முடிவுகள் குவியத்தான் செய்யும். தவறு அலுவலரின் கையில் மட்டும் இல்லை, அவர் கையில் சட்டம் கொடுத்த அளவுகோலில் இருந்தது. மறுக்காதவர்களெல்லாம் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. கடிதத்தின் மொழி புரியாதவர், இரண்டு வேலை பார்ப்பவர், அதிகாரிகளைச் சீண்டினால் குழந்தையை மறுபடி தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று அஞ்சுபவர், இவர்கள் எல்லாரும் அந்த மௌனத்துக்குள் இருக்கிறார்கள்.

கலிபோர்னியாவில் நடந்தது இதைவிடக் கசப்பானது. மகளின் குற்றச்சாட்டின் பேரில் கைதான ஒரு பெற்றோரை, குற்றவியல் நீதிமன்றம் உண்மையிலேயே குற்றமற்றவர்கள் என்று அறிவித்தது. குழந்தைகள் நலனைப் பார்க்கும் நீதிமன்றமும் குற்றச்சாட்டு உண்மையல்ல என்றது. இரண்டு நீதிமன்றங்கள் சொன்ன பிறகும் மாநிலக் குழந்தைத் துன்புறுத்தல் குறியீட்டிலிருந்து அவர்கள் பெயர் நீங்கவில்லை. விசாரித்த அலுவலரிடமே போய்க் கேட்பதைத் தவிர வேறு வழியைச் சட்டம் வைத்திருக்கவில்லை. 2009-ல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் இது அரசியலமைப்புக்கு முரண் என்றது. முடிவு தெளிவாகாத புகார்களையும் பட்டியலில் ஏற்றும் வழக்கம் அங்கே 2012-ல்தான் நின்றது. நீதிமன்றமே தீர்த்த ஒன்றை ஒரு பட்டியல் ஏற்க மறுப்பதைக் காணும்போது, நிர்வாகப் பதிவு எப்படித் தனி உயிர் பெற்று வாழ்கிறது என்பது விளங்கும்.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. அதை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. 1995 நவம்பரில் நியூயார்க் நகரில் எலிசா இஸ்கியர்டோ என்ற ஆறு வயதுச் சிறுமி தாயின் அடியால் இறந்தாள். அவளைப் பற்றி அதிகாரிகளுக்குப் பலமுறை தகவல் போயிருந்தது. ஒரு புகாரில் போதிய சான்று இல்லாமல் போகலாம். ஆனால் நான்காவது, ஐந்தாவது புகார் வரும்போது முந்தையவை நினைவில் இருந்தால்தான் அதில் ஒரு கோலம் தெரியும். சான்றளவை உயர்த்தினால் பல புகார்கள் 'அடிப்படையற்றவை' ஆகும், நினைவு அழியும், குழந்தை சாகும் என்று பலர் அஞ்சினார்கள். அஞ்சியது நியாயமே. ஆனால் எலிசாவின் பெயரால் 1996-ல் நியூயார்க் இயற்றிய சட்டமே இந்த அச்சத்துக்கு விடையும் தந்துவிட்டது. அதுவரை அடிப்படையற்றவை என்று முடிவான புகார்களின் ஆவணங்கள் அழிக்கப்பட்டு வந்தன. புதிய சட்டம் அவற்றை 10 ஆண்டுகள் முத்திரையிட்டு வைக்கச் சொன்னது. வேலை தருபவரின் கண்ணில் அவை படாது, அடுத்த புகாரை விசாரிக்கும் அலுவலர் பார்க்கலாம். விசாரணையின் நினைவு வேறு, பெயரின் மேல் குத்தும் முத்திரை வேறு என்பதைச் சட்டம் அன்றே பிரித்துவிட்டது. பிறகும் ஏறக்குறைய கால் நூற்றாண்டு முத்திரையின் அளவை அப்படியே விட்டுவைத்ததற்குக் குழந்தைப் பாதுகாப்பைக் காரணம் காட்ட முடியாது.

2020-ல்தான் நியூயார்க் அதை மாற்றியது. 2022 ஜனவரி 1 முதல், விசாரணையின் முதல் முடிவுக்கே சான்றின் எடை ஒரு பக்கம் சாய வேண்டும். முன்பு புகாரில் பெயர் வந்த குழந்தைகளில் இளையவருக்கு 28 வயது ஆகும்வரை பதிவு வேலை தருவோர் கண்ணில் படும். இப்போது கவனியாமைப் பதிவுகள் 8 ஆண்டுகளில் அவர்கள் பார்வையிலிருந்து மறைக்கப்படுகின்றன. துன்புறுத்தல் பதிவுகளுக்கு இந்தச் சலுகை இல்லை, அந்த வேறுபாடு சரியானதே. மிசௌரியின் உச்ச நீதிமன்றம் 2007-லேயே இன்னும் ஒரு படி மேலே போயிருந்தது. சான்றளவை உயர்த்தியதோடு, விசாரணை முடியுமுன் பெயரைப் பட்டியலில் ஏற்றக் கூடாது என்றும் தீர்த்தது. நியூயார்க் அளவை மாற்றியது, வரிசையை மாற்றவில்லை. இன்றும் முதலில் பெயர் ஏறுகிறது, பிறகுதான் மறுப்பு. பெற்றோர் 90 நாளுக்குள் எழுதிக் கேட்க வேண்டும். முதலில் கோப்பைப் பார்த்து மறுஆய்வு நடக்கும், பின்பு நிர்வாக நீதிபதி முன் விசாரணை. அங்கும் தோற்றால் நான்கு மாதத்துக்குள் நீதிமன்றம் போகலாம். நீதிமன்றம் சாட்சிகளை மறுபடி கேட்காது, எடுத்த முடிவுக்குப் போதிய சான்று இருந்ததா என்று மட்டும் பார்க்கும். ஆகவே பெற்றோரின் சொல் உண்மையாகக் கேட்கப்படும் இடம் ஒன்றே ஒன்றுதான், நிர்வாக நீதிபதியின் அறை.

அந்த அறையில் அவர் பெரும்பாலும் தனியாக நிற்கிறார். குழந்தையைப் பிரிக்கக் கோரும் வழக்கு குடும்ப நீதிமன்றத்தில் வந்தால், வசதியில்லாத பெற்றோருக்கு நியூயார்க் சட்டம் வழக்கறிஞரை அமர்த்தித் தருகிறது. பதிவேட்டு விசாரணைக்கு அந்த உரிமை இல்லை. எதிரே குழந்தைப் பாதுகாப்புப் பிரிவின் சார்பில் வருபவருக்கு இத்தகைய விசாரணைகள் அன்றாட வேலை. ஒரு பள்ளி உதவியாளரோ முதியோர் இல்லப் பணிப்பெண்ணோ மருத்துவ அறிக்கையை எப்படி எதிர்கொள்வது, கேட்ட செய்தியைச் சாட்சியமாகச் சொல்வதை எப்படி மறுப்பது என்று எங்கே கற்றிருப்பார்? சான்றளவை உயர்த்திய சட்டம், அந்தச் சான்றை எடைபோட்டுக் காட்ட அவருக்கு ஒரு துணையைத் தரவில்லை. நியூயார்க் சட்டமன்றம் இனிச் செய்ய வேண்டியவை இரண்டு. பெயரைப் பதிவேட்டில் ஏற்றுமுன் விசாரணை, அந்த விசாரணையில் வசதியில்லாதவருக்கு வழக்கறிஞர். அதுவரை, கடிதத்தைப் பிரித்த நாளிலிருந்து அந்தத் தாயின் கையில் இருப்பது 90 நாள்.