காணாமல் போன செவ்வந்திப் பூ

அமெரிக்காவில் பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் கையில் ஜப்பானிய ரைபிள் ஒன்று கிடைத்தால், அதன் மேல்பகுதியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்கள். அங்கே ஒரு பூ இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. பூ இருந்தால் ஒரு விலை, இல்லையென்றால் அதைவிடக் குறைந்த விலை!

அது பதினாறு இதழ் கொண்ட செவ்வந்திப் பூ, ஜப்பான் பேரரசரின் முத்திரை. ராணுவத் துப்பாக்கி ஒவ்வொன்றும் பேரரசரின் சொத்து என்பதற்கு அடையாளம். அதைக் கீழே போட்டாலோ அழுக்காக வைத்திருந்தாலோ சிப்பாய்க்கு அடி உதை நிச்சயம். இன்று விற்பனைக்கு வரும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றில் அந்தப் பூவை அரம் போட்டு ராவியிருப்பார்கள், அல்லது உளியால் கொத்தியிருப்பார்கள்.

ஏன் அப்படி? அதற்கு முன் அந்தத் துப்பாக்கியின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

அரிசாக்கா பிறந்த கதை

1897-ல் அரிசாக்கா நாரியாகிரா என்ற ராணுவ அதிகாரி 6.5 மி.மீ. ரைபிள் ஒன்றை வடிவமைத்தார். அது மெய்ஜி பேரரசர் ஆட்சியின் 30-வது ஆண்டு. அதனால் பெயர் '30-ஆம் வகை'. 1904-05-ல் ரஷ்யாவோடு நடந்த போரில் ஜப்பானியர் தூக்கிச் சென்றது பெரும்பாலும் இதைத்தான். போரில் ஜப்பான் ஜெயித்தது. ஆனால் மஞ்சூரியாவின் புழுதி துப்பாக்கிக்குள் புகுந்து படாத பாடு படுத்தியது.

அதற்குத் தீர்வாக 1905-ல் வந்தது '38-ஆம் வகை'. இதில் போல்ட்டின் மேல் மெல்லிய தகட்டு மூடி ஒன்றைப் பொருத்தினார்கள். போல்ட்டை இழுத்தால் மூடியும் கூடவே நகரும். துப்பாக்கியின் நீளம் சுமார் 1.28 மீட்டர். பல சிப்பாய்களுக்கு மார்பளவு உயரம்!

1937-ல் சீனாவுடன் முழுப் போர் தொடங்கியபின், 6.5 மி.மீ. தோட்டாவின் வலு போதாது என்ற எண்ணம் வலுத்தது. 1939-ல் 7.7 மி.மீ. தோட்டாவோடு '99-ஆம் வகை' வந்தது. ஜப்பானிய ஏகாதிபத்திய ஆண்டுக் கணக்கில் அது 2599. கடைசி இரண்டு எண்களே பெயராகிவிட்டன. மலாயாவிலும் பர்மாவிலும் ஜப்பானியச் சிப்பாய்களின் தோளில் நம் தமிழ்த் தொழிலாளர்கள் பார்த்ததும் இந்த அரிசாக்கா குடும்பத்தைத்தான்.

இல்லாத பாகங்கள் மூன்று வகை

இப்போது விஷயத்துக்கு வருவோம். செகண்ட் ஹேண்டில் வாங்கும் அரிசாக்காவில் ஏதாவது ஒன்று இல்லாமல் இருப்பது சகஜம். ஆனால் எல்லா 'இல்லாமை'யும் ஒன்றல்ல.

முதல் வகை, சிப்பாயே தூக்கி எறிந்தது. மேலே சொன்ன தூசு மூடிதான் இதற்கு உதாரணம். புழுதியைத் தடுக்க வந்த மூடி, நடக்கும்போது கடகடவென்று சத்தம் போட்டது. காட்டுக்குள் எதிரி பக்கத்தில் இருக்கும்போது அந்தச் சத்தம் உயிருக்கே உலை வைக்கும். கழற்றிப் போட்டவர்கள் பலர். ஒரு போரில் கற்ற பாடம் அடுத்த போரில் பாரமாகிவிட்டது!

இரண்டாம் வகை, தொழிற்சாலையே பொருத்தாதது. ஆரம்பகால 99-ஆம் வகையில் துப்பாக்கியை நிறுத்த ஒற்றைக் கம்பிக் கால் உண்டு. விமானத்தைக் குறிபார்க்க விரியும் இறக்கைகள் உண்டு. குழலின் உட்புறம் குரோமிய முலாம் உண்டு. போர் நீள நீள இரும்பும் ஆளும் நேரமும் குறைந்தன. ஒவ்வொன்றாகக் கழன்றது. 1945-ல் வந்தவற்றில் பின்கட்டைக்கு இரும்புத் தகடு கிடையாது, வெறும் மரப்பலகை. குறிபார்க்கும் கருவி அசையாத ஒரு துண்டு. இதைப் பார்த்து "பாகம் தொலைந்துவிட்டது" என்று நினைத்துக் கடை கடையாகத் தேடினால் அது வீண் அலைச்சல். அந்தத் துப்பாக்கியில் அது என்றைக்குமே இருந்ததில்லை. ஒரு நாட்டின் பொருளாதாரம் எப்படி மூச்சுத் திணறியது என்பதற்கு அந்த மரப்பலகையே சாட்சி.

மூன்றாம் வகை, தோல்வி எடுத்துக்கொண்டது. அதுதான் பூ.

பூவை அழித்தது யார்?

1945 ஆகஸ்ட் 15 அன்று பேரரசரின் குரல் முதன்முறையாக வானொலியில் மக்களுக்குக் கேட்டது. செப்டம்பர் 2-ல் சரணடைவுப் பத்திரம் கையெழுத்தானது. லட்சக்கணக்கான துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும். பேரரசரின் முத்திரையோடு எதிரியிடம் கொடுப்பதா? அவமானம் ஆயிற்றே! எனவே ஜப்பானியரே பூவை அழித்துவிட்டுக் கொடுத்தார்கள் என்பது ஒரு கருத்து. அமெரிக்கத் தரப்பு உத்தரவின் பேரில்தான் அழிக்கப்பட்டது என்பது இன்னொரு கருத்து. சேகரிப்பாளர்களிடையே இந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

ஆனால் ஒன்று தெளிவு. பூ அழிந்திருந்தால் அது பெரும்பாலும் சரணடைவுக்குப் பின் கைமாறிய துப்பாக்கி. பூ முழுதாக இருந்தால் அது போர்க்களத்திலேயே கைப்பற்றியதாக இருக்க வாய்ப்பு அதிகம். அதாவது, அதைச் சுமந்தவன் உயிரோடு ஒப்படைக்காமல் போயிருக்கலாம். முழுமையான துப்பாக்கிக்கு விலை அதிகம் என்பதன் பின்னால் இப்படி ஒரு கணக்கும் இருக்கிறது. யோசித்தால் கொஞ்சம் உறுத்தும்.

ஒப்படைத்தவற்றில் பெரும்பகுதி உருக்கப்பட்டது, கடலில் கொட்டப்பட்டது. ஒரு பகுதியை அமெரிக்க வீரர்கள் நினைவுப் பொருளாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு, பரணில் கிடந்தவை சந்தைக்கு வந்தன.

வாங்குபவர் கவனிக்க வேண்டியது

பூ இல்லாவிட்டால் விலைதான் குறையும். போல்ட் இல்லாவிட்டால் கதையே வேறு. ஒன்றின் போல்ட்டை இன்னொன்றில் செருகினால் உள்ளே போகும், மூடும். ஆனால் தோட்டாவின் பின்புறம் இருக்க வேண்டிய இடைவெளி சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த மிகச் சிறிய வித்தியாசத்தில் தோட்டா உறை கிழிந்து சூடான வாயு முகத்தில் அடிக்கலாம். அதனால்தான் போல்ட்டில் பொறித்த எண்ணும் துப்பாக்கியின் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறார்கள். பொருந்தாவிட்டால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் அளந்து பார்க்காமல் சுடக் கூடாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பள்ளி மாணவர்களின் அணிவகுப்புப் பயிற்சிக்காக ஜப்பானில் வார்ப்பிரும்பில் பயிற்சித் துப்பாக்கிகள் செய்தார்கள். வெற்று வெடிக்கு மட்டுமே ஆனவை. பார்க்க அச்சு அசல் அரிசாக்கா! அதில் நிஜத் தோட்டா போட்டால் வெடித்துச் சிதறிவிடும். ஆனால் அசல் அரிசாக்காவோ, போருக்குப்பின் அமெரிக்க நிபுணர் பி.ஓ. ஆக்லி நடத்திய சோதனைகளில் மிக உறுதியானவற்றுள் ஒன்று என்று பெயர் வாங்கியது. (நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் இதையெல்லாம் வாங்க முடியாது என்பதை நினைவில் கொள்க!)

இன்று நகல் தூசு மூடி கிடைக்கிறது, கம்பிக் கால் கிடைக்கிறது. சிலர் அழிந்த பூவை மீண்டும் பொறித்தும் விற்கிறார்கள். மூடி தொலைந்திருந்தால் புதிது போடலாம், தவறில்லை. பூ அப்படியல்ல. அது தொலையவில்லை, தொலைக்கப்பட்டது. வணிகவியலில் ஒரு பொருள் பழசாகி மதிப்புக் குறைவதைத் 'தேய்மானம்' என்பார்கள். இந்தத் துப்பாக்கியில் ராவித் தேய்த்த அந்த வழுவழுப்பான இடம் ஒரு பேரரசு முடிந்துபோனதைச் சொல்கிறது. அதன்மேல் புதுப் பூ வரைந்தால் துப்பாக்கி முழுமை அடையாது. அதன் கடைசி அத்தியாயம்தான் காணாமல் போகும்.