நீதிமுறைப் பிரிவு: ஒரு வரலாற்று நோக்கு

விவாகரத்துத் திருமணக் கட்டினை முற்றாக அறுப்பது. நீதிமுறைப் பிரிவோ கணவன் மனைவியரைக் கூடிவாழும் கடப்பாட்டினின்றும் விடுவிப்பதேயன்றி, அக்கட்டினை அறுப்பதன்று. பிரிந்த பின்னரும் சட்டத்தின் முன் அவர்கள் தம்பதியரே. மறுமணம் செய்யும் உரிமை இருவருக்கும் இல்லை. இத்தகைய இடைநிலை ஏற்பாடு எவ்வாறு தோன்றியது என்பதும், இலங்கையின் பொதுச் சட்டத்தில் எவ்வாறு உருமாறியது என்பதும் ஆராயத்தக்கன.

இதன் தோற்றுவாய் இடைக்கால ஐரோப்பியத் திருச்சபைச் சட்டமாகும். திருமணத்தை அருட்சாதனமாகக் கொண்ட கத்தோலிக்கத் திருச்சபை, முறைப்படி நிறைவெய்திய மணத்தை மனிதர் குலைக்கலாகாது எனக் கருதியது. ஆயினும் கணவனின் கொடுமைக்கு அஞ்சிய மனைவியை அவனுடனேயே வாழுமாறு பணித்தலும் பொருந்தாதாயிற்று. எனவே, 'மேசையினின்றும் மஞ்சத்தினின்றும் பிரிவு' எனப் பொருள்படும் இலத்தீன் பெயருடைய பரிகாரம் வழங்கப்பட்டது. 1563இல் திரெந்துப் பொதுச்சங்கமும் அத்தகைய பிரிவை ஏற்றுறுதி செய்தது.

ஒல்லாந்தின் சீர்திருத்தத் திருச்சபையினர் திருமணத்தை அருட்சாதனமாகக் கொண்டிலர். ஆதலால் சோரம், தீயநோக்குடன் கைவிட்டுச் செல்லல் ஆகிய காரணங்களுக்காக அங்கு விவாகரத்து ஏற்கப்பட்டது. எனினும் பழைய பிரிவும் அகற்றப்படவில்லை. இவ்வாறு உரோமன் ஒல்லாந்தச் சட்டத்தில் இரு பரிகாரங்களும் அருகருகே நிலைபெற்றன. பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தருடன் இலங்கைக் கரையோரத்துக்கு வந்த அச்சட்டத்தை, 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் ஆங்கிலேயர் தொடரச் செய்தனர்.

1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை, மாவட்ட நீதிமன்றத்திற் பிரிவு கோருவதற்கான நடைமுறையை வகுத்தது. 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமோ விவாகரத்துக்கு மூன்று காரணங்களையே ஏற்றது: சோரம், தீயநோக்குடன் கைவிடல், மணவேளையிலேயே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. கொடுமை இவற்றுள் தனிக் காரணமாக இடம்பெறவில்லை என்பது ஊன்றி நோக்கற்பாலது. கைவிடலுக்குச் சமமானதென நிறுவினாலன்றி, கொடுமைக்குள்ளான மனைவி அதனைக் கொண்டு விவாகரத்துப் பெறுதல் அரிது. ஆனால் கூடிவாழ்தலைத் தாங்கொணாததாக்கும் நடத்தை, பிரிவு பெறுவதற்குப் போதிய காரணமாயிற்று. விவாகரத்தின் வாயில் குறுகியிருந்தமையால், பிரிவே பலருக்குப் புகலிடமாயிற்று எனலாம்.

1977ஆம் ஆண்டுத் திருத்தம் இந்நிலையை மாற்ற முற்பட்டது. பிரிவுத் தீர்ப்புப் பெற்று இரண்டு ஆண்டுகள் கழிந்தவரும், தீர்ப்பின்றியே ஏழாண்டுகள் பிரிந்து வாழ்ந்தவரும் மணத்தைக் கலைக்குமாறு விண்ணப்பிக்க அத்திருத்தம் இடமளித்தது. விவாகரத்துக்கு மாற்றாகப் பிறந்த பிரிவு, இங்ஙனம் விவாகரத்துக்கே வழியாயிற்று. எனினும் 1986இல் உயர் நீதிமன்றம் இவ்வழியைச் சுருக்கியது. ஏழாண்டுப் பிரிவு மட்டும் போதாது, சட்டம் கூறும் திருமணக் குற்றமும் நிறுவப்படல் வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அருட்சாதனக் கோட்பாடு இச்சட்டத்தினின்றும் நீங்கி நெடுங்காலமாயிற்று. ஆயின், ஒருவர் குற்றவாளியாக வேண்டும் என்னும் எண்ணம் நீங்கவில்லை. உயிரற்ற மணத்தை, குற்றம் நிறுவ இயலாமையால் மட்டும் பேணுவது எவரைக் காக்கிறது? மனச்சாட்சியின் பொருட்டு விவாகரத்தை விரும்பாதார்க்குப் பிரிவு நல்லதொரு பரிகாரமே. அது தெரிவாக அமையுமிடத்துப் பாதுகாப்பாகும். வேறு வழியின்மையால் ஏற்குமிடத்துச் சிறையாகும்.