கல்பாக்கம் ஈனுலை: நாமும் படிக்க வேண்டிய வரலாறு

மின்சாரம் பற்றிய பேச்சு நமக்குப் புதிதல்ல. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கரின் பொறுப்பில் மின்சாரமும் இருந்தது. மலிவான, தாராளமான மின்சாரம் இல்லாமல் தொழில் வளராது, தொழில் வளராமல் வறுமை தீராது என்று 1943-லேயே அவர் வாதிட்டார். எனவே அணு உலையை ‘விஞ்ஞானிகள் சமாச்சாரம்’ என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

இந்திய அணுமின் திட்டத்தை மூன்று கட்டங்களாக வகுத்தவர் ஹோமி பாபா. இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம்தான். மீதி ஏறக்குறைய முழுவதும் யுரேனியம்-238. முதல் கட்ட உலைகளில் இதில் ஒரு சிறு பகுதி புளூட்டோனியமாக மாறுகிறது. அதைப் பிரித்தெடுத்து இரண்டாம் கட்டத்தில் வேக ஈனுலைக்கு எரிபொருளாக்க வேண்டும். எரிப்பதைவிட அதிக எரிபொருளைத் தரும் என்பதால்தான் அதற்கு ‘ஈனுலை’ என்று பெயர். மூன்றாம் கட்டம் தோரியம். கேரளம், கன்னியாகுமரி கடற்கரை மணலில் அது கிடைக்கிறது.

இரண்டாம் கட்டத்தின் களம் கல்பாக்கம். பிரான்சின் ராப்சோடி உலையைப் பின்பற்றி அமைத்த சோதனை ஈனுலை 1985 அக்டோபரில் அங்கே இயங்கத் தொடங்கியது. அடுத்து, 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையின் கட்டுமானம் 2004-ல் தொடங்கியது. 3,492 கோடி ரூபாயில் 2010-ல் முடிப்பதாகத் திட்டம். செலவு பலமுறை உயர்ந்தது. உலையின் மையப்பகுதியை நிரப்பும் வேலை தொடங்கியதே 2024 மார்ச்சில்தான்.

தாமதம் இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. இந்த உலைகளைக் குளிர்விப்பது திரவ சோடியம். காற்றுப் பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். ஜப்பானின் மோஞ்சு ஈனுலையில் 1995-ல் சோடியம் கசிந்து தீப்பிடித்தது. நிர்வாகம் காணொளிப் பதிவை மறைத்ததும் அம்பலமானது. 2016-ல் அந்த உலையை நிரந்தரமாக மூட முடிவெடுத்தார்கள்.

நம் பக்கமும் மறைப்பு உண்டு. ஈனுலைக்குப் புளூட்டோனியம் வேண்டுமென்றால் எரிந்த எரிபொருளை மறுசுத்திகரிப்பு செய்தாக வேண்டும். கல்பாக்கத்தில் அந்த வேலை நடக்கும் ஆலையில் 2003 ஜனவரியில் ஆறு ஊழியர்கள் வரம்பு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். பொதுமக்களுக்கு அது தெரியவரப் பல மாதங்கள் ஆயின. கண்காணிக்க வேண்டிய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போதிய சுதந்திரம் இல்லை என்று 2012-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையரே சுட்டிக்காட்டினார்.

ஆபத்தான வேலையை யார் தலையில் கட்டுவது என்பதைச் சாதி தீர்மானிக்கும் நாடு இது. மலக்குழி மரணங்களில் நாம் அதை நேரில் பார்க்கிறோம். ஆகவே அணு உலை வளாகங்களைப் பார்த்தும் நாம் கேட்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் யார்? அவர்கள் உடலில் ஏறிய கதிர்வீச்சின் கணக்கு அவர்கள் கைக்குக் கிடைக்கிறதா? வேலையை விட்டுப் போனபின் அவர்களுக்கு மருத்துவம் பார்ப்பது யார்?

இயற்பியல் படிக்கும் நம் மாணவர்கள் அந்த ஆய்வகங்களுக்குள் போக வேண்டும். சமூகவியல் படிக்கும் நாம் இந்தக் கேள்விகளோடு சுற்றியுள்ள ஊர்களுக்குப் போவோம். அறிவியலை எதிர்ப்பதற்காக அல்ல, அதில் நமக்கும் பங்கு இருப்பதால்தான் கணக்குக் கேட்கிறோம்.